வீட்டு போனும் கை போனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மன்னார்குடியில் எங்கள் கடை எஸ்டிடி பூத்தாக, அதாவது காசு கொடுத்து வெளியூருக்குப் போன் பேசும் இடமாகத்தான் தொடங்கியது. அப்பா காலம். கண்ணாடிக் கதவு, உள்ளே ஒரு ஸ்டூல், சிவப்பு எண்களில் ஓடும் மீட்டர், பில்லைக் கடகடவென்று அடித்துத் தள்ளும் சின்ன மெஷின். இப்போது அதே இடத்தில் ரீசார்ஜ், சிம், போன் பழுது, ஜெராக்ஸ். கல்லாவுக்கு முன்னால் நின்று ஆட்கள் கேட்கும் கேள்விகளையும், வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் கேட்கும் கேள்விகளையும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

நம்பரைப் பார்த்து ஊர் பெரியதா சிறியதா என்று சொல்ல முடியுமா?

லேண்ட்லைன் நம்பர் என்றால் சொல்லலாம். சென்னைக்கு 044, அதன்பின் 8 இலக்கம். மதுரைக்கு 0452, கோவைக்கு 0422, அதன்பின் 7 இலக்கம். எங்களுக்கு 04367, அதன்பின் 6 இலக்கம். முதல் சுழியை விட்டுவிட்டு எண்ணிப் பாருங்கள், எல்லா ஊருக்கும் மொத்தம் 10 வரும். ஊரில் லைன் அதிகம் வேண்டுமென்றால் உள்ளூர் நம்பர் நீள வேண்டும், நம்பர் நீண்டால் ஊர்க்குறியீடு சுருங்க வேண்டும். ஆக, குறியீடு குட்டையாக இருந்தால் ஊர் பெரியது. இதில் ஒரு வேடிக்கை: மாவட்டத் தலைநகரான தஞ்சாவூருக்கு 04362, கும்பகோணத்துக்கோ 0435. கும்பகோணத்து நண்பர் ஒருவர் இதைச் சொல்லிக் காட்டாமல் ஒரு தீபாவளியும் போனதில்லை.

செல் நம்பரில் இந்த ஜோசியம் பலிக்காது. 6, 7, 8, 9 இவற்றில் ஒன்றில் தொடங்கும், 10 இலக்கம் இருக்கும், அவ்வளவுதான். முன்பு முதல் நாலைந்து இலக்கத்தைப் பார்த்து எந்தக் கம்பெனி, எந்த மாநிலம் என்று சொல்லிவிடுவோம். 2011 ஜனவரியில் நம்பரை மாற்றாமல் கம்பெனி மாறும் வசதி நாடு முழுக்க வந்தது. 2015 ஜூலையில் மாநிலம் தாண்டியும் அதே நம்பரோடு போகலாம் என்றானது. அதோடு அந்த வித்தையும் போயிற்று.

இந்தியாவில் ஆளுக்கு ஒரு போனுக்கு மேலேயே இருக்கிறதாமே?

நகரக் கணக்கில் அப்படித்தான் வருகிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2024 மார்ச் கணக்கில் 100 பேருக்கு நகரத்தில் சுமார் 133 இணைப்புகள், கிராமத்தில் சுமார் 59. ஆனால் அது இணைப்புகளின் எண்ணிக்கை, ஆட்களின் எண்ணிக்கை அல்ல. ஆபீசுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று இரண்டு சிம் வைத்திருப்பவர் இரண்டாகவே எண்ணப்படுவார். ஒரு சிம்மும் இல்லாத அவருடைய அம்மாவை அந்த 133 மறைத்துவிடும்.

வீட்டுக் கணக்கிலும் இதே சிக்கல் உண்டு. 'வீட்டில் போன் இருக்கிறதா' என்று கேட்டால் கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் 'இருக்கிறது' என்றுதான் பதில் வரும். அது யார் சட்டைப் பையில் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கடையில் உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு அந்த இரண்டாவது கேள்விதான் முக்கியம். கீழே வரும் பதில்கள் பலவும் அங்கேதான் போய் நிற்கும்.

கிராமம் லேண்ட்லைன் பார்க்காமலே நேராக செல்லுக்குத் தாவியது உண்மையா?

பெரும்பாலும் உண்மை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இதைத் தெளிவாகவே காட்டுகிறது. கிராமத்து வீடுகளில் 47.9 சதவீதத்தில் செல் மட்டும், 3.1 சதவீதத்தில் லேண்ட்லைன் மட்டும், 3.3 சதவீதத்தில் இரண்டும். நகரத்தில் செல் மட்டும் 64.3, லேண்ட்லைன் மட்டும் 5.9, இரண்டும் 11.7. பத்து வருஷம் முன்னால், 2001-இல், நாடு முழுக்க எந்தப் போனாவது இருந்த வீடுகளே 9.1 சதவீதம்தான்.

காரணம் செம்புக் கம்பி. லேண்ட்லைன் என்றால் ஊரின் லைன்களை இணைத்துக் கொடுக்கும் எக்ஸ்சேஞ்சிலிருந்து உங்கள் வீட்டுச் சுவர் வரைக்கும் உங்களுக்கென்றே ஒரு ஜோடிக் கம்பி வர வேண்டும். டவுனில் ஒரு தெருவுக்கு ஒரு கேபிள் இழுத்தால் நாற்பது வீட்டுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். வயலுக்கு நடுவே எட்டு வீடு இருக்கிற தெருவுக்கு யார் இழுப்பார்கள்? இழுத்தாலும் சாலை அகலப்படுத்த வருகிற ஜேசிபி ஒரே வாயில் கடித்து எடுத்துவிடும். டவரில் அந்தத் தொல்லை இல்லை. ஒன்றை நட்டால் சுற்றிலும் சில கிலோமீட்டருக்கு எல்லோருக்கும் பொது.

இதற்கு நடுவில் ஒரு காலம் உண்டு, அதை மறந்துவிடக் கூடாது. 1984-இல் தொடங்கிய சி-டாட் என்ற அரசுத் தொலைத்தொடர்பு ஆராய்ச்சி நிறுவனம், தொலைத்தொடர்பு வல்லுநர் சாம் பிட்ரோடாவின் முயற்சியில், ஏசி இல்லாமலே கிராமத்து வெயிலையும் புழுதியையும் தாங்குகிற சின்ன எக்ஸ்சேஞ்ச் ஒன்றை உருவாக்கியது. முதலாவது 1986-இல் கர்நாடகத்தின் கிட்டூரில் வைக்கப்பட்டது. எஸ்டிடி பூத்துகள் மூலைமுடுக்கெல்லாம் முளைத்ததற்கு அந்த மாதிரி எக்ஸ்சேஞ்சுகள்தான் அடித்தளம். மாற்றுத்திறனாளிகளுக்கு பூத் ஒதுக்குவதில் முன்னுரிமை இருந்ததால் பல குடும்பங்கள் அதில் தலையெடுத்தன. கிராமத்துக்காரருக்கு வீட்டில் லைன் கிடைக்கவில்லை, ஆனால் கூப்பிடு தூரத்தில் பூத் கிடைத்தது.

'பி.பி. நம்பர்' என்றால் என்ன?

பழைய கல்யாணப் பத்திரிகையிலும் விசிட்டிங் கார்டிலும் நம்பருக்குப் பக்கத்தில் 'பி.பி.' என்று இருக்கும். அந்தப் போன் என்னுடையது அல்ல, பக்கத்து வீட்டுக்காரருடையது, கூப்பிட்டால் ஆள் விட்டு அழைப்பார் என்று பொருள். எங்கள் பூத் நம்பரும் தெருவில் பாதிப் பேருக்கு பி.பி. நம்பர்தான். கூத்தாநல்லூர் பக்கத்திலிருந்தெல்லாம் சிங்கப்பூர், வளைகுடா நாடுகளுக்குப் போனவர்கள் வெள்ளிக்கிழமை இத்தனை மணிக்குக் கூப்பிடுகிறேன் என்று கடிதத்தில் எழுதியிருப்பார்கள். சொன்ன நேரத்துக்கு அரைமணி முன்பே குடும்பம் மொத்தமும் எங்கள் கடை வாசலில் வந்து உட்கார்ந்திருக்கும். போன் மணி அடித்தால் முதலில் பேசுவது அம்மா, கடைசியில் மனைவி. மனைவியின் முறை வருவதற்குள் அங்கே காசு தீர்ந்துவிடும்.

இன்றைக்கு அதே வீடுகளில் வீடியோ காலில் தினமும் பேச்சு. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் கால் போகாது என்பதால் போட்டிம் போன்ற செயலிகளை ஏற்றிக் கொடுக்கச் சொல்லி அம்மாக்கள் வருவார்கள். ஏற்றிக் கொடுக்கக் காசு வாங்குவதில்லை.

செல் எப்போது சாதாரண ஆள் கைக்கு வந்தது?

இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று, கொல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமிடம் பேசியது. அப்போது நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை ஆனது. யாராவது நம்மைக் கூப்பிட்டாலும் நம்மிடமே காசு பிடித்தார்கள். ஆகவே செல் வைத்திருந்தவர்கள் மணி அடித்ததும் நம்பரை மட்டும் பார்த்துவிட்டு, வெட்டிவிட்டு, எங்கள் பூத்துக்கு வந்து பேசுவார்கள். சிரிப்பாக இருக்கும், எங்களுக்கு வரும்படியாகவும் இருக்கும்.

2003-இல் இன்கமிங் இலவசம் என்றானதுதான் திருப்புமுனை. காசே போடாமல் போனை வைத்துக்கொண்டு வருகிற அழைப்பை மட்டும் எடுக்கலாம். கொத்தனார், எலக்ட்ரீஷியன், மீன் விற்பவர், பால்காரர் என்று வீட்டில் உட்கார முடியாதவர்கள்தான் முதலில் வாங்கினார்கள். மிஸ்டு கால் என்கிற மொழி பிறந்ததும் அப்போதுதான். ஒரு ரிங் விட்டால் 'வந்து சேர்ந்துட்டேன்', இரண்டு ரிங் விட்டால் 'நீ கூப்பிடு'. எங்கள் பூத் வருமானம் அந்த இரண்டு மூன்று வருஷத்தில் பாதியானது. அப்பா பூத்தின் கண்ணாடிக் கதவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ரீசார்ஜ் கார்டு தொங்கவிட்டார்.

அப்படியானால் இன்னமும் லேண்ட்லைன் வைத்திருப்பது யார்?

நாட்டில் லேண்ட்லைன் உச்சத்தில் இருந்தது 2006 வாக்கில், சுமார் 5 கோடி. பிறகு இறங்கி இறங்கி 2 கோடிக்கு வந்து, மறுபடி ஏறி 2024-இல் 3 கோடிக்கு மேல் இருந்தது. ஏறியதற்குக் காரணம் யாரும் பேச ஆசைப்பட்டு அல்ல. வீட்டுக்கு ஃபைபர் இன்டர்நெட் போட்டால் கூடவே ஒரு லேண்ட்லைன் நம்பரும் வருகிறது. பலருக்கு அந்த நம்பர் என்னவென்றே தெரியாது, போன் பெட்டியையும் வாங்கி மாட்டியிருக்க மாட்டார்கள். 2024 கணக்கில் இந்த லைன்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் நகரத்தில்தான் இருந்தன.

எங்கள் ஊரில் நிஜமாகவே எடுத்துப் பேசுகிற லேண்ட்லைன் என்றால் டாக்டர் கிளினிக், நகைக்கடை, வக்கீல் ஆபீஸ், அரசு அலுவலகங்கள். வீடுகளில் எழுபது வயது தாண்டியவர்கள். அவர்கள் விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் பழக்கம் மட்டும் அல்ல. கனமான ரிசீவர் காதில் நன்றாகப் பொருந்தும், குரல் தெளிவாகக் கேட்கும், சார்ஜ் போட வேண்டாம், எங்கே வைத்தோம் என்று தேட வேண்டாம். கீழே விழுந்து எழ முடியாமல் கிடப்பவர்களுக்கு மட்டும் அது உதவாது. பாத்ரூமில் வழுக்கி விழுந்தால் ஹாலில் இருக்கிற போனால் என்ன பிரயோஜனம்?

கரண்ட் போனாலும் லேண்ட்லைன் வேலை செய்யும் என்கிறார்களே?

பழைய செம்புக் கம்பி லைன் செய்யும். எக்ஸ்சேஞ்சில் இருக்கும் பேட்டரி வரிசையிலிருந்து 48 வோல்ட் அந்தக் கம்பி வழியாகவே உங்கள் போனுக்கு வருகிறது. ஃபைபர் லைன் செய்யாது. வீட்டில் இருக்கும் சின்னப் பெட்டிக்குக் கரண்ட் வேண்டும், கண்ணாடி இழையில் மின்சாரம் வராது. பெரியவர்களுக்காக லேண்ட்லைன் வைத்திருந்து, இப்போது ஃபைபருக்கு மாறுகிறீர்கள் என்றால் அந்தப் பெட்டிக்கு ஒரு சின்ன யுபிஎஸ் கட்டாயம் வாங்குங்கள்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் அடித்தபோது இது எங்களுக்கு நன்றாகப் புரிந்தது. செல் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்துப் போனது. டவர் சாய்ந்த இடம் சாய்ந்தது, நின்ற இடத்தில் டீசல் தீர்ந்தது. கடையிலிருந்த பழைய லேண்ட்லைனில் இரண்டு நாள் டயல் டோன் இருந்தது. வாசலில் வரிசை. ஆளுக்கு ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டோம். வந்தவர்களில் பாதிப் பேருக்கு மகன் நம்பர் மனப்பாடமாகத் தெரியவில்லை. அணைந்து போன செல்லுக்குள் இருக்கிறது. அன்றைக்குப் பிறகு யார் புது போன் வாங்கினாலும் முக்கியமான மூன்று நம்பரை ஒரு காகிதத்தில் எழுதி சாமி படத்துக்குப் பின்னால் ஒட்டச் சொல்கிறேன்.

வயதானவர்களுக்குப் பட்டன் போனா, டச் போனா?

'எண்பது வயசு ஆச்சு, பட்டன் போன் கொடுங்க' என்று பிள்ளைகள் கேட்பார்கள். பெரியவர் பக்கத்தில் நின்று டச் போனையே பார்த்துக்கொண்டிருப்பார். வயதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பேரப்பிள்ளை வெளிநாட்டில் இருந்தால் எண்பத்திரண்டு வயது அப்பாயி கூட ஒரே வாரத்தில் வீடியோ கால் எடுக்கக் கற்றுக்கொள்கிறார். ஐம்பது வயது ஆள், தேவை இல்லாததால், பட்டன் போனோடு நிம்மதியாக இருக்கிறார்.

பார்க்க வேண்டியவை வேறு. விரல் காய்த்துப் போனவர்களுக்கு, வயல் வேலை, தறி வேலை செய்தவர்களுக்கு, டச் சரியாக எடுக்காது, அழுத்தி அழுத்திச் சலித்துப் போவார்கள். கை நடுங்குகிறவர்களுக்குப் பச்சைப் பொத்தானை இழுத்து எடுக்கும் முறை பெரிய சித்திரவதை. பட்டன் போனில் டார்ச் உண்டு, எஃப்எம் உண்டு, சார்ஜ் ஒரு வாரம் தாங்கும். வாங்கும்போது 4ஜி பட்டன் போனாகப் பார்த்து வாங்குங்கள். 2ஜி சேவையே இல்லாத ஜியோ சிம்மைப் பழைய 2ஜி போனில் போட்டால் பேசாது. இதைச் சொல்லாமல் விற்றுவிட்டு, மறுநாள் திட்டு வாங்கியவன் நான்.

பேச மட்டும்தான் போன். எதற்கு மாதாமாதம் நெட்டுக்கும் சேர்த்து ரீசார்ஜ்?

நியாயமான கோபம். பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர்கள் பல வருஷம் தினம் ஒன்றரை ஜிபிக்குக் காசு கட்டி, ஒரு எம்பி கூடத் தொடாமல் விட்டார்கள். 2024 டிசம்பரில் டிராய், பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டும் தனி ரீசார்ஜ் தர வேண்டும், அதன் வேலிடிட்டி ஒரு வருஷம் வரை இருக்கலாம் என்று சொன்னது. 2025 தொடக்கத்தில் கம்பெனிகள் கொண்டுவந்தன. கடைக்காரர் தானாகச் சொல்லமாட்டார், 'வாய்ஸ் ஒன்லி இருக்கா' என்று கேட்டு வாங்குங்கள்.

28 நாள் கணக்கும் கவனியுங்கள். அது மாதம் அல்ல, நாலு வாரம். வருஷத்தில் 13 தடவை போட வேண்டி வரும். ஒவ்வொரு கம்பெனியும் 30 நாள் திட்டம் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஜனவரியிலேயே டிராய் உத்தரவு போட்டிருக்கிறது.

வீட்டில் போன் இருந்தும் பெண்கள் ஏன் கடைக்கு வந்து 'ஒரு கால் பண்ணிக்கிறேன்' என்கிறார்கள்?

முதலில் சொன்னேனே, யார் கையில் என்பது. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் தானே பயன்படுத்தும் செல் இருப்பவர்கள் நாடு முழுக்க 54 சதவீதம். நகரத்தில் 69, கிராமத்தில் 47. தமிழ்நாடு மேல், முக்கால்வாசியை எட்டிவிட்டது. இருந்தாலும் நாலில் ஒருவருக்கு இல்லை.

எங்கள் கடைக்குப் பக்கத்தில் இ-சேவை மையம். ஒரு நாள் ஒரு அக்கா வருமானச் சான்றுக்கு வந்தார். படிவத்தில் அலைபேசி எண் என்ற இடத்தில் மகன் நம்பர். ஓடிபி திருப்பூர் போய்விட்டது. மகன் பனியன் கம்பெனியில் ஷிஃப்டில் இருக்கிறான், போனை எடுக்கவில்லை. அக்கா என் கடைக்கு வந்து என் போனிலிருந்து கூப்பிட்டார். மூன்றாவது தடவை எடுத்தான். 'ஓடிபி சொல்லுப்பா' என்றார். அவன் சொல்வதற்குள் நேரம் முடிந்துவிட்டது. மறுபடி அனுப்பச் சொல்லி மையத்துக்கு ஓட்டம். ஆறு இலக்கத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு அந்தச் சின்னச் சந்தில் நாலு நடை. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் வரத் தொடங்கியபோதும் 'பணம் ஏறிடுச்சா, மெசேஜ் பார்த்துச் சொல்லு தம்பி' என்று வந்தவர்களில் சிலருடைய மெசேஜ் வீட்டுக்காரர் போனில் இருந்தது.

என் யோசனை ஒன்றுதான். உங்கள் பெயரில் உங்கள் ஆதாரை வைத்து ஒரு சிம் வாங்குங்கள், பட்டன் போனிலாவது போட்டுக்கொள்ளுங்கள், வங்கியிலும் ரேஷன் அட்டையிலும் அந்த நம்பரையே கொடுங்கள்.

பிள்ளைகளுக்கு எந்த வயதில் தனி போன்?

எத்தனை வயது என்று நான் சொல்ல மாட்டேன், அது உங்கள் வீட்டு முடிவு. நிலவரம் சொல்கிறேன். கிராமத்து 14 முதல் 18 வயதினரிடம் 2023-இல் ஏசர் என்ற கல்வி நிலை ஆய்வில் ஏறத்தாழ 90 சதவீத வீடுகளில் ஸ்மார்ட்போன் இருந்தது. அதைப் பயன்படுத்தத் தெரிந்தவர்களில் தனக்கென்று போன் வைத்திருந்த பையன்கள் 43.7 சதவீதம், பெண் பிள்ளைகள் 19.8. கொரோனா சமயம் ஆன்லைன் கிளாஸுக்கென்று வாங்கிய போன் எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் அண்ணனோடு தங்கிவிட்டது. தங்கைக்கு அவன் தூங்கிய பிறகு கிடைக்கும்.

இளவயதில் ஊர் வித்தியாசம் கிட்டத்தட்ட அழிந்துவிட்டது. மத்திய அரசின் 2025 ஆய்வில் செல் வைத்திருக்கும் 15 முதல் 29 வயதினரில் ஸ்மார்ட்போன் வைத்திருப்பவர்கள் கிராமத்தில் 95.5, நகரத்தில் 97.6 சதவீதம். இருபது வயதுப் பையன் வடுவூரில் இருந்தாலும் வடபழனியில் இருந்தாலும் கையில் ஒரே மாதிரி போன்தான். வித்தியாசம் டவரில். கொல்லிமலை, ஜவ்வாது மலைப் பக்கத்துச் சில ஊர்களில் அதே போனோடு மேட்டுக்கு ஏறிப் போக வேண்டும்.

பசங்க போன் பண்ணினா எடுக்கறதே இல்லையே?

எடுக்க மாட்டார்கள். மெசேஜ் போடுங்கள், ஒரு நிமிடத்தில் பதில் வரும். நமக்குப் போன் அடித்தால் அவசரம், அவர்களுக்குத் தொந்தரவு. ட்ரங்க் கால் (எக்ஸ்சேஞ்சில் பதிவு செய்து பேசும் அந்தக் காலத்து வெளியூர் அழைப்பு) வந்தால் சாவுச் செய்தியோ என்று பதறிய தாத்தாவுக்கும் இவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

லேண்ட்லைனிலிருந்து செல்லுக்கு அடித்தால் போகவில்லை?

முன்னால் ஒரு 0 போடுங்கள். 2021 ஜனவரி 15 முதல் அப்படித்தான். புது நம்பர்களுக்கு இடம் வேண்டும் என்பதற்காகக் கொண்டுவந்தது. செல்லிலிருந்து செல்லுக்கு வேண்டாம்.

ரீசார்ஜ் போடாமல் விட்டால் அம்மா நம்பர் போய்விடுமா?

90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லை என்றால் முடக்கலாம். ஆனால் கணக்கில் 20 ரூபாய் இருப்பு இருந்தால் அதை எடுத்துக்கொண்டு நம்பரைக் காப்பாற்றி வைக்க வேண்டும் என்று விதி உண்டு. வங்கியோடு இணைத்த நம்பர் என்றால் அந்த 20 ரூபாயை நம்பிப் படுக்காதீர்கள். இன்னொருவருக்கு அந்த நம்பர் போனால் ஓடிபியும் அவருக்குத்தான் போகும்.

'டிராயிலிருந்து பேசுகிறோம், உங்கள் லைன் கட் ஆகும்' என்று அழைப்பு வந்தது. என்ன செய்ய?

வைத்துவிடுங்கள். டிராய் யாருக்கும் அப்படிப் போன் செய்து மிரட்டுவதில்லை. பணம் போய்விட்டால் அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அடியுங்கள், வெட்கப்பட்டு மறுநாள் வரை தள்ளிப் போடாதீர்கள். வயதான தனி ஆள்களுக்கு 14567 என்ற முதியோர் உதவி எண்ணும் இருக்கிறது. உங்கள் ஆதாரில் யார் யாரோ சிம் வாங்கியிருக்கிறார்களா என்பதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். எங்கள் கடைக்கு வந்தாலும் பார்த்துச் சொல்வேன்.

லேண்ட்லைனை ஒப்படைத்தால் டெபாசிட் திரும்ப வருமா?

பாக்கி போக மீதி வரும். கைப்பட ஒரு கடிதம், கடைசி பில், டெபாசிட் ரசீது, அவர்கள் கொடுத்த போன் பெட்டி இவற்றோடு போங்கள். கடிதத்தில் தேதி போட்டு, கொடுத்ததற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பில் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும். எங்கள் பூத் லைன்களில் இரண்டை அப்படி ஒப்படைத்தோம். ரசீது அப்பாவின் டிரங்குப் பெட்டியில், பட்டா காகிதத்துக்குக் கீழே கிடைத்தது. தேடுகிறவர்கள் அங்கே முதலில் பாருங்கள்.